நாத்தனாரின் குதிரை

எங்கள் பேருந்து நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக் அக்கா என்றால்தான் ஓட்டுநர்களுக்கும் தெரியும், பெருக்குகிறவர்களுக்கும் தெரியும். விசாரணைக் கவுண்ட்டருக்குப் பின்னால் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை அவருடையது. ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, கழுத்து வளைந்த மைக், அழுத்தினால் சில சமயம் மேலே வர மறுக்கும் சிவப்புப் பொத்தான். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து, யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதையெல்லாம் அவர் குரல்தான் ஊருக்குச் சொல்லும். பொத்தான் சிக்கிக்கொண்ட நாட்களில் வேறு சிலதையும் சொல்லும். ஒருமுறை, "இந்த ஃபேனுக்கு என்ன கேடு, காத்தே வரல" என்று அவர் அலுத்துக்கொண்டது நிலையம் முழுவதும் கேட்டது. பயணிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள்.

நான் அந்தக் கவுண்ட்டரில் உட்காருகிறவன். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் அக்கா என்னிடம் பேசுவார். தான் ஒரு போட்டியில் ஆடிய செஸ் ஆட்டத்தின் கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு செஸ் தெரியாது. ஆனால் கேட்டுக் கேட்டு அந்த ஒரு ஆட்டம் மட்டும் மனப்பாடமாகிவிட்டது.

அக்கா கல்யாணமாகிப் போன வீடு இரண்டே அறை. மாமனாருக்குக் காது மந்தம் என்பதால் டிவி அலறிக்கொண்டே இருக்கும். கணவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். எந்த மாடியில் எந்தத் தொட்டிக்கு அடியில் படுத்திருப்பார் என்று அவருக்கே காலையில் தெரியாது. வீட்டில் இருந்த இன்னொரு ஆள் நாத்தனார். கணவரின் தங்கை, அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த அண்ணியிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணிக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாள் இரண்டு பேரும் கதவுக்குக் கதவு சிரித்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு நாள் நாத்தனார் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலில் கொட்டினாள். செஸ் காய்கள்.

"அண்ணி, இது ஆடத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதே."

"எனக்கும் அரைகுறைதான். வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே தப்பா ஆடுவோம்."

பழைய புத்தகக் கடையில் அவள் ஒரு செஸ் புத்தகமும் வாங்கியிருந்தாள். அதற்கு அட்டையும் கிடையாது, பின்பாதியும் கிடையாது. மிச்சமிருந்த பக்கங்களில் ஒரே ஒரு தொடக்கம்தான் இருந்தது. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஆரம்பிக்கிற பழைய காலத்து நிதானமான ஆட்டம். வெள்ளை அப்படித் தள்ளினால் கறுப்பும் எதிரே தள்ளும். அடுத்து வெள்ளை, 'வேண்டுமானால் வெட்டிக்கொள்' என்பது போலப் பக்கத்துச் சிப்பாயை நீட்டும். கறுப்பு வெட்டாமல் பின்னாலிருந்து ஒரு சிப்பாயை முட்டுக்கொடுக்கும். பிறகு குதிரைகள் வரும், மந்திரிகள் வரும். ஆக, அண்ணிக்கும் நாத்தனாருக்கும் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வழி. வேறு சிப்பாயைத் தள்ளினால் என்ன செய்ய வேண்டும் என்பது கிழிந்துபோன பக்கங்களில் இருந்திருக்கும்.

அந்தப் புத்தகத்தில் ஒரு குழியும் இருந்தது. வெள்ளை மந்திரி தூரத்திலிருந்து கறுப்புக் குதிரையை மிரட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் குதிரைக்குப் பின்னால் அதே கோட்டில் கறுப்பு ராணி. குதிரை விலகினால் ராணி போச்சு. அதனால் அந்தக் குதிரை காவல் காக்கிற நடுச் சிப்பாய்க்கு உண்மையில் காவலே இல்லை என்று வெள்ளைக்கு ஆசை வரும். தன் குதிரையால் சிப்பாயை வெட்டினால் வந்தது வினை. கறுப்புக் குதிரை ராணியைப் பற்றிக் கவலைப்படாமல் வெள்ளைக் குதிரையை வெட்டிவிடும். வெள்ளை மந்திரி ராணியை வெட்டும். உடனே கறுப்பு மந்திரி பாய்ந்து ராஜாவுக்கு செக் வைக்கும். குறுக்கே நிறுத்த வெள்ளைக்கு ராணியைத் தவிர ஆளே இருக்காது. ராணிக்கு ராணி தீர்ந்து, புழுதி அடங்கிப் பார்த்தால் ஒரு சிப்பாயைக் கொடுத்து ஒரு குதிரையைச் சுருட்டியிருக்கும் கறுப்பு.

நாத்தனார் முதல் தடவை அதில் விழுந்தபோது இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு, மாமனாருக்கே கேட்டதாம்.

சில வருடங்களில் நாத்தனாருக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஊரின் இன்னொரு கோடியில் தோழியோடு வீடு எடுத்துத் தங்கினாள். விடுமுறை நாட்களில் வருவாள், ஆடுவாள், போவாள். பிறகு சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் வருவது நின்றது. போனும் நின்றது. ஏன் என்று அக்காவுக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

காரணம் தேடி அக்கா குடையாத இடமில்லை. அந்தக் கல்யாணத்தில், "ஏம்மா, முடியை இப்படி ஒட்ட வெட்டிக்கிட்டே?" என்று கேட்டிருந்தார். அதுவா? போட்டோ எடுக்கும்போது, "கொஞ்சம் தள்ளி நில்லு, உங்க அண்ணன் மறையறார்" என்றார். அதுவா? நடுவில் அவளுக்கு ஏதோ சின்ன ஆபரேஷன் நடந்திருக்கிறது. அது தெரிந்ததே ரொம்ப நாள் கழித்து. போய்ப் பார்க்கவில்லை என்ற கோபமா? அப்படியென்றால் அது கல்யாணத்துக்கு முன்பா பின்பா? கணவரைக் கேட்டார். அவர் மட்டும் அவ்வப்போது தங்கையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"உங்க தங்கச்சிக்கு என் மேல என்ன கோபம்?"

"கோபமா? அப்படி ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப ஏன் இங்க வர்றதில்ல?"

"வேலை இருக்கும்."

"என்னைப் பத்தி விசாரிச்சாளா?"

"விசாரிச்சா. இல்ல, விசாரிக்கலையோ? விசாரிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

மோட்டாரில் எந்தக் கம்பி எங்கே அறுந்தது என்று காதை வைத்தே சொல்கிற மனுஷன், இந்த விஷயத்தில் இதற்கு மேல் ஒரு சொல் தரமாட்டார். தானே போன் செய்யலாம் என்று அக்கா பல தடவை கையில் எடுத்ததுண்டு. என்ன தப்பு என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டால் நக்கல் என்று நினைத்துவிட்டால்? அதனால் எடுத்த போனை வைத்துவிடுவார்.

ஆடுவதை மட்டும் விடவில்லை. மைக் அறையில் போனில் இருக்கும் செஸ்ஸோடு ஆடுவார். அதைப் பார்த்த ஓட்டுநர் ஒருவர்தான் நூலக மாடியில் நடக்கும் போட்டிக்கு இவர் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னார். "நான் எங்க, போட்டி எங்க" என்று அக்கா கையை உதறினார். ஆனால் போனார்.

சனிக்கிழமை ஆட்டங்கள் எதிலும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லாம் ராஜாவின் சிப்பாயைத் தள்ளினார்கள். ஒன்றில் தோற்றார். ஒன்றில் எதிராளி நேரத்தைக் கோட்டைவிட்டதால் ஜெயித்தார். ஜெயித்த விஷயமே நடுவர் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்று. யாருக்கு யார் என்று ஒட்டிய தாளைச் சுவரில் பார்த்தார். தன் பெயருக்கு எதிரே நாத்தனார் பெயர்.

"அதே பேருல வேற யாராவது இருக்கும்னு நெனச்சேன்டா" என்பார் என்னிடம். "முந்தின நாள் பூரா அதே ஹாலுலதான் அவளும் இருந்திருக்கா. நான் பலகையை விட்டுத் தலையே நிமிரல."

வேறு யாரும் இல்லை. அவளேதான். முடி இப்போதும் ஒட்டத்தான் வெட்டியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். ஆட்டம் தொடங்குமுன் கைகுலுக்க வேண்டும் என்பது விதி. குலுக்கினார்கள். தெரியாதவர்களிடம் சிரிப்பது போல நாத்தனார் சிரித்தாளா, தெரிந்தவர்களிடம் சிரிக்க முடியாமல் சிரித்தாளா என்று அக்காவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு வார்த்தை பேசலாம் என்று வாயைத் திறந்தார். "கடிகாரத்தை அழுத்துங்க" என்று நடுவர் எல்லோருக்குமாகக் குரல் கொடுத்தார். அதோடு பேச்சுக்குத் தடை.

நாத்தனாருக்கு வெள்ளை. ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள்.

அக்கா அந்தச் சிப்பாயையே பார்த்தார். இத்தனை காலத்தில் அவள் வேறு ஆட்டம் கற்றிருக்க மாட்டாளா? கற்றுக்கொண்டும் இதைத் தள்ளினாளா? இவரும் எதிரே தள்ளினார். பக்கத்துச் சிப்பாய் வந்தது. முட்டு. குதிரை. குதிரை. வெள்ளை மந்திரி வந்து இவருடைய குதிரையை முறைத்துக்கொண்டு நின்றது. இவர் அடுத்த குதிரையை அதற்குத் துணையாக உள்ளே வைத்தார். நடுவில் ஒரு சிப்பாய்க்கு ஒரு சிப்பாய் வெட்டுப்பட்டது. எல்லாம் அந்தக் கட்டிலில் நடந்தது போலவே நடந்தது. கைகளுக்கு வழி தெரிந்திருந்தது.

அடுத்தபடியாக நாத்தனார் தன் குதிரையை எடுத்தாள். நடுச் சிப்பாயை வெட்டினாள். கடிகாரத்தை அழுத்தினாள். குனிந்து அதைத் தாளில் எழுதிக்கொண்டாள்.

அதே குழி.

அக்கா பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். தெரியாதவள் விழலாம். இவள் எப்படி விழுவாள்? இந்தக் குழியை இவர்கள் இரண்டு பேரும் எத்தனை தடவை ஆடிக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள்? மறந்திருப்பாளோ? அப்படியென்றால் என்னையும் சேர்த்தல்லவா மறந்திருக்கிறாள்? வேண்டுமென்றே செய்கிறாளோ? அப்படியானால் எதற்கு? சமாதானமாகப் போகலாம் என்கிறாளா? 'உனக்கு ஜெயிக்கிறதுதானே முக்கியம், இந்தா எடுத்துக்கோ' என்கிறாளா? வெட்டினால் பேராசைக்காரி ஆவேனா? வெட்டாமல் விட்டால், அண்ணிக்குப் பழசெல்லாம் மறந்துபோச்சு என்று நினைப்பாளா? இரக்கப்பட்டேன் என்று நினைத்தால் இன்னும் மோசம், அவளுக்கு அது அறவே பிடிக்காது.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தார். ஒன்றும் தெளியவில்லை. நாத்தனார் தலை நிமிராமல் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

கடைசியில் முடிவெடுத்தது அக்கா இல்லை, அவர் கை. யோசனையில் விரல் போய், ராணியை மறைத்து நின்ற தன் குதிரையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். தொட்டுவிட்டோம் என்று உறைத்தபோது நாத்தனாரின் கண் அந்த விரல் மேல் இருந்தது. அந்தக் குதிரையை வேறெங்கே நகர்த்தினாலும் ராணி வீணாகப் போகும். குதிரையால் குதிரையை வெட்டினார்.

நாத்தனார் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. மந்திரியால் ராணியை 'டக்'கென்று வெட்டி, ராணியை மேசையோரம் நிறுத்தினாள். அக்கா மந்திரியால் செக் வைத்தார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் சுருங்கியது. அது சிரிப்பா, அடடா என்ற பதற்றமா? அக்கா என்னிடம் ஒரு தடவை சிரிப்பு என்பார். ஒரு தடவை, "இல்லடா, அவ முகம் செத்துப்போச்சு" என்பார்.

ராணிகள் போயின. அக்காவிடம் ஒரு குதிரை கூடுதல். ஓரளவு ஆடத் தெரிந்தவர்கள் அங்கிருந்து ஜெயித்துவிடுவார்களாம். அக்காவுக்கோ புத்தி பலகையில் இல்லை. எந்தக் காயைத் தொட்டாலும் 'ஏன் கொடுத்தாள்' என்ற கேள்விதான் முன்னால் வந்தது. வெகு நேரம் கழித்து, ஒரு யானையையும் அந்தக் குதிரையையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். நாத்தனாரின் ஒரு சிப்பாய் முன்னேறி வந்து இரண்டையும் ஒன்றாக மிரட்டியது. யானையைக் காப்பாற்றினார், குதிரை போயிற்று. ஆட்டம் சமமாகிவிட்டது. ஹாலில் மற்ற மேசைகள் காலியாகிக்கொண்டிருந்தன.

அப்போது நாத்தனார் காயை நகர்த்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"டிரா?" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் அக்காவைப் பார்த்துச் சொன்ன முதல் சொல் அது. அக்காவின் காதில் சொல் விழவில்லை, குரல் மட்டும்தான் விழுந்தது. வாசலில் யாரோ வந்து நிற்கும்போது சொல்வதைப் போல வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வாம்மா, உக்காரு. எப்ப வந்தே?"

மைக்கில் பேசிப் பழகிய குரல். ஹால் முழுக்கக் கேட்டது. நடுவர் ஓடி வந்தார்.

"பேசக் கூடாதும்மா. என்ன நடக்குது இங்க?"

"டிரா கேட்டேன் சார்" என்றாள் நாத்தனார்.

"இவங்க என்ன சொன்னாங்க?"

நாத்தனார் கொஞ்சம் திணறினாள். "எப்ப வந்தேன்னு கேக்கறாங்க."

நடுவர் அக்காவைப் பார்த்தார். "அம்மா, டிராவுக்குச் சம்மதமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"அவ கேட்டா சரிதான் சார்."

நடுவருக்கு அது பதிலா என்று சந்தேகம். இருந்தாலும் எழுதிக்கொண்டார். இரண்டு பேரும் தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

படிக்கட்டில் இறங்கும்போது நாத்தனார் நடுவழியில் நின்றாள். ஜன்னல் திண்டில் பையை வைத்தாள். அக்காவும் நின்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, என்கூட ஏன் பேசறதில்ல நீ?" என்று அக்கா கேட்டேவிட்டார்.

நாத்தனார் நிஜமாகவே விழித்தாள். "பேசாமலா இருக்கோம் அண்ணி?"

"இல்லையா பின்ன?"

"தினமும் காலையில வேலைக்குப் போறப்ப உங்க பஸ் ஸ்டாண்டுலதான் வண்டி மாறறேன். சாயங்காலமும் அங்கதான். தினமும் உங்க குரலைக் கேக்கறேன். போன மாசம் உங்களுக்குச் சளி. அதுக்கு முன்னாடி ஒரு நாள் ஃபேனைத் திட்டினீங்க. எனக்கு உங்களைப் பாக்காத மாதிரியே இல்ல."

"நான் ஊருக்கே பேசறேன்மா. அது உன்கூடப் பேசறதாகுமா?"

"ஆகாதுதான்."

"நீ பேசறது எனக்குக் கேக்கலையே."

நாத்தனார் கம்பியை விட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஆமா" என்றாள். "அதை நான் யோசிக்கல." பிறகு சொன்னாள், "மொதல்ல கோபமாதான் இருந்தேன். அந்தக் கல்யாணத்துல நீங்க ஏதோ சொன்னீங்க."

"முடியைப் பத்தியா?"

"முடியா? என் முடியைப் பத்தி என்ன சொன்னீங்க?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒண்ணும் சொல்லலையே. அப்ப வேற என்ன சொன்னேன்?"

"அதுதான் இப்ப ஞாபகம் வரல. கோபப்பட்டது நல்லா ஞாபகம் இருக்கு. எதுக்குன்னுதான்..." அவள் கையை விரித்தாள். "அப்புறம் நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் எப்படிக் கூப்பிடறதுன்னு ஆயிடுச்சு."

"எனக்கும் அப்படித்தான் ஆச்சு."

கீழே யாரோ நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அக்காவுக்கு அழுகை வந்தது, ஆனால் எதற்கு அழுவது என்று தெரியாததால் வரவில்லை. இப்படித்தான் அவர் சொன்னார், நான் மாற்றவில்லை.

"சரி, அந்தக் குதிரையை ஏன் கொடுத்தே?"

"எந்தக் குதிரை?"

"எந்தக் குதிரையா!"

"ஓ, அதுவா. மறந்துட்டேன் அண்ணி. உங்க செக்கைப் பாத்ததும்தான் ஞாபகம் வந்துச்சு."

அன்றைக்கு அவள் அக்காவோடு வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்த அண்ணன், மனைவியையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இருவரில் யாரிடம் முதலில் பேசுவது என்று தெரியாமல், "மோட்டார் ஏதாவது ரிப்பேரா?" என்று கேட்டார். பெண்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் ஆட்டத்தை மறுபடி வைத்துப் பார்த்தார்கள். கூடுதல் குதிரையை எப்படிக் காப்பாற்றியிருக்கலாம் என்று நாத்தனார் காட்டினாள். அதில் ஒரு சண்டை வந்தது. சாப்பாடு ஆறியது.

இப்போது அவள் வேலைக்குப் போகும்போது வண்டி மாறுகிற இடைவெளியில் எங்கள் கவுண்ட்டர் வழியாக உள்ளே வந்து, மைக் அறைக் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போகிறாள். அக்கா உள்ளேயிருந்து கையசைப்பார். வாரம் தவறாமல் போன் பேசுகிறார்கள். அந்தக் கல்யாணத்தில் என்ன நடந்தது என்பதை இருவரும் தொடுவதில்லை. தொட்டால் எதை எடுக்க வேண்டியிருக்குமோ என்ற பயம் அக்காவுக்கு.

குதிரை விஷயம் மட்டும் அடங்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து நாத்தனார், "நீங்க எடுப்பீங்களா மாட்டீங்களான்னு பாத்தேன்" என்றாளாம். இன்னொரு நாள் கேட்டதற்கு, "தூக்கக் கலக்கம் அண்ணி, முந்தின நாள் நைட் ஷிஃப்ட்" என்றாளாம். அந்தப் பரிசோதனைக் கூடத்தில் நைட் ஷிஃப்டே கிடையாது என்று அண்ணன் பிறகு சொன்னார். அதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

அடுத்த போட்டிக்கு இருவரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நேற்று அக்கா கவுண்ட்டர் பக்கம் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"டேய், மறுபடி அவகூடவே ஆட்டம் விழுந்து, மறுபடி அதையே கொடுத்தா நான் என்னடா பண்றது?"

"எனக்கு செஸ் தெரியாதுக்கா."

"செஸ் தெரிஞ்சவங்களையும் கேட்டுட்டேன். குதிரையை எடுத்துக்கங்கன்னுதான் சொல்றாங்க." அவர் மைக் அறைப் பக்கம் திரும்பினார். "அவங்களுக்கு நாத்தனார் இருக்காங்களான்னு தெரியல" என்று சொல்லிவிட்டு, தாமதமாக வரும் வண்டியைப் பற்றி ஊருக்குச் சொல்ல உள்ளே போனார்.